18 வெற்றி, 0 தோல்வி: வளரும் வெல்டர்வெயிட் வீரரின் கணக்கைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் பெரிய குத்துச்சண்டை இங்கே ஞாயிறு காலை எட்டு, எட்டரை மணிக்கு வருகிறது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்துப் பார்க்கிறவர், வீரரின் பெயருக்குக் கீழே "18-0, 15 கே.ஓ." என்ற வரியைக் காண்பார். 18 வெற்றி, 0 தோல்வி; வெற்றிகளில் 15 'நாக்அவுட்', அதாவது எதிராளி தொடர முடியாமல் போனதால் முடிந்தவை. வர்ணனையாளர் "அடுத்த சாம்பியன்" என்பார். அடுத்த வருடம் அதே வீரர், பெயர் கேள்விப்படாத ஒருவரிடம் மூன்றாவது ரவுண்டிலேயே விழுந்து கிடப்பார். பதினெட்டுப் பேரை வென்றவர் எப்படி விழுந்தார்?

கணக்கு எழுதிப் பழகிய ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில், வரவேண்டிய தொகை பேரேட்டில் எவ்வளவு பெரிதாக நின்றாலும், ஐந்தொகை (முடிவுக் கணக்கு) போடும்போது "யாரிடமிருந்து வரவேண்டும், அந்த ஆள் தேறுவானா" என்றுதான் பார்ப்பார்கள். தேறாத ஆளிடம் நிற்பது வராக்கடன். குத்துச்சண்டை வீரரின் வெற்றிப் பட்டியலிலும் வராக்கடன் உண்டு. வளரும் வீரர் என்றால் பாதிக்கு மேல் அதுவாகவே இருக்கும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அவர் கைமுதல்.

எது வெல்டர்வெயிட்?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் பாரம்பரியமாக 17 எடைப்பிரிவுகள் உள்ளன. வெல்டர்வெயிட்டின் உச்சவரம்பு 147 பவுண்டு, அதாவது சுமார் 66.7 கிலோ. அதற்குக் கீழே உள்ள பிரிவு 140 பவுண்டு (63.5 கிலோ), மேலே உள்ளது 154 பவுண்டு (69.9 கிலோ).

அமெச்சூர் போட்டிகளின் எடைகள் வேறு. செய்தி படிப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் லவ்லினா போர்கோஹெய்ன் வெண்கலம் வென்ற வெல்டர் பிரிவு 69 கிலோ. பாரிஸ் 2024இல் பெண்கள் வெல்டர் 66 கிலோ. ஆண்களுக்கோ 63.5 கிலோவை விட்டால் அடுத்தது 71தான், நடுவில் ஒன்றுமில்லை. 'வேர்ல்டு பாக்சிங்' அமைப்பு 2025 முதல் 65, 70 கிலோ என்று பிரித்திருக்கிறது. பாரிஸில் 71 கிலோ பிரிவில் காலிறுதி வரை போன நிஷாந்த் தேவ், 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் தொழில்முறைக்கு வந்தபோது இறங்கிய பிரிவு வெல்டர் அல்ல, அதற்கு மேலே உள்ள சூப்பர் வெல்டர். ஆகவே "அமெச்சூரில் வெல்டர் சாம்பியன்" என்று படித்தால், எந்த ஆண்டு, எத்தனை கிலோ என்று முதலில் பார்க்க வேண்டும்.

கையுறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொழில்முறையில் வழக்கமாக 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ் (சுமார் 227 கிராம்) கையுறை. அதற்கு மேல் 10 அவுன்ஸ் (சுமார் 283 கிராம்). எட்டு அவுன்ஸ் கையுறையோடு மோதும் மிகப் பெரிய உடம்புகள் வெல்டர்வெயிட்டில்தான் இருக்கின்றன. லேசான பிரிவுகளின் வேகமும் நடுத்தரப் பிரிவுகளின் பலமும் மெல்லிய பஞ்சுக்குப் பின்னால் சேர்ந்து வருவதால், இங்கே ஒரு தவறுக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

18-0 எப்படித் தயாராகிறது?

தொழில்முறையில் எதிராளியைக் குலுக்கல் சீட்டு தீர்மானிப்பதில்லை. போட்டி நடத்தும் புரமோட்டரும், ஜோடி சேர்க்கும் 'மேட்ச்மேக்கரும்' பார்த்துப் பொறுக்குகிறார்கள். வளரும் வீரர் அவர்களுக்கு முதலீடு. முதலீட்டை முதல் வருடத்திலேயே யாரும் ஆற்றில் போடமாட்டார்கள். அதனால் ஆரம்ப எதிராளிகள், தோற்பதே பிழைப்பாகக் கொண்ட அனுபவசாலிகளாக இருப்பார்கள். இவர்களை 'ஜர்னிமேன்' என்பார்கள். இங்கிலாந்தின் பீட்டர் பக்லி 300 சண்டைகள் போட்டு 256இல் தோற்றார். அவரைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. அடிபடாமல் தோற்பது ஒரு கைத்தொழில். இளம் வீரர்கள் ரவுண்டு கணக்கில் பாடம் படித்தது இவரைப் போன்றவர்களிடம்தான். ஆனால் அந்த வெற்றிகளை வைத்து உலகச் சாம்பியன் கனவு காணக்கூடாது.

சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "இந்த மாடு பிடிபட்டதே இல்லை" என்றால் அடுத்த கேள்வி, "எந்தத் தொழுவத்தில் அவிழ்த்தார்கள், எதிரே நின்ற ஆட்கள் யார்" என்பதாகத்தான் இருக்கும்.

வழக்கமான ஏணி இது:

1. முதல் ஐந்தாறு சண்டைகள் 4 ரவுண்டு. மேடைப் பழக்கம் மட்டுமே நோக்கம்.
2. அடுத்தது 6, 8 ரவுண்டு. இங்கே குறைந்தது ஒரு இடது கைக்காரரையும் (சவுத்பா), ஒரு உயரமான ஆளையும், உரசி நெருங்கிக் கட்டிப்பிடித்துச் சண்டையைக் கெடுக்கும் ஒருவரையும் சந்தித்திருக்க வேண்டும். மூவரில் ஒருவர் விட்டுப்போயிருந்தால் அந்த ஓட்டை பின்னால் தெரியவரும்.
3. 10 ரவுண்டு. எதிராளி முன்னாள் சவாலாளராகவோ, மேலே போக விரும்புபவர்களை நிறுத்திப் பார்க்கும் 'கேட்கீப்பராகவோ' இருப்பார். உண்மையான மதிப்பீடு இந்தப் படியில்தான் தொடங்குகிறது.
4. 12 ரவுண்டு. பட்டச் சண்டை, அல்லது அதற்கான தகுதிச் சண்டை.

ஐந்தொகை போடும் முறை

பாக்ஸ்ரெக் இணையதளத்தில் ஒவ்வொரு வீரரின் முழுப் பட்டியலும் இருக்கிறது. எதிராளி ஒவ்வொருவரையும் திறந்து ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: நம் வீரரைச் சந்திப்பதற்கு முந்தைய ஆறு சண்டைகளில் அவர் என்ன ஆனார், வழக்கமாக எந்த எடையில் சண்டையிடுபவர், அன்று அவர் வயது என்ன, கடைசியாக மேடையேறி எத்தனை மாதம் ஆகிறது, முறையாக ஒப்பந்தமானவரா, கடைசி வாரத்தில் மாற்றாக வந்தவரா.

ஒரு கற்பனைக் கணக்கு. வீரர் 18-0, கே.ஓ. 15. பட்டியலைப் பிரித்தால் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

1. 7 பேர்: வெற்றியைவிடத் தோல்வி அதிகமுள்ளவர்கள். ஏழும் கே.ஓ.
2. 6 பேர்: 135, 140 பவுண்டுப் பிரிவிலிருந்து மேலே வந்தவர்கள், அல்லது தொடர்ந்து மூன்று தோற்றுவிட்டு வந்தவர்கள். ஆறும் கே.ஓ.
3. 3 பேர்: ஒரு காலத்தில் நல்ல வீரர்கள், இப்போது 37 வயதுக்கு மேல். 2 கே.ஓ., ஒன்று புள்ளிக் கணக்கில்.
4. 2 பேர்: அதே எடை, 30 வயதுக்குள், வெற்றிப் பாதையில் இருந்தவர்கள். இரண்டும் புள்ளிக் கணக்கில்.

திரையில் ஓடும் கே.ஓ. விகிதம் 83 சதவீதம். முதல் இரண்டு வரிகளை வராக்கடனாக ஒதுக்கினால் மிஞ்சுவது 5 சண்டை, 2 கே.ஓ., அதாவது 40 சதவீதம். கடைசி வரியை மட்டும் எடுத்தால் பூஜ்யம். இதை வைத்து "கையில் பலமில்லை" என்று முடிவு கட்டுவதும் அவசரம்தான். நல்ல எதிராளியோடு 10 ரவுண்டு முழுதாக நின்று வென்றது, சாதாரண ஆளை முதல் ரவுண்டில் விழவைத்ததைவிடப் பெரிய சொத்து. பதினெட்டும் முதல் மூன்று ரவுண்டுக்குள் முடிந்த பட்டியலைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும். ஏழாவது ரவுண்டில் அந்த வீரர் யார் என்பது அவருக்கே தெரியாது.

பொது எதிராளி: ஒரு நிஜக் கணக்கு

2023 ஜூலை 29 அன்று லாஸ் வேகாஸில் எரால் ஸ்பென்ஸும் டெரன்ஸ் க்ராஃபோர்டும் வெல்டர் பிரிவின் நான்கு உலகப் பட்டங்களுக்கும் (பெல்ட்) மோதினார்கள். ஸ்பென்ஸ் 28-0, க்ராஃபோர்டு 39-0. சுழியத்தை மட்டும் பார்த்தால் சரிக்குச் சரி.

இருவரும் சண்டையிட்ட இரண்டு பேர் இருந்தார்கள். கெல் புரூக்கை ஸ்பென்ஸ் 2017இல் பதினோராவது ரவுண்டில் நிறுத்தினார், அதாவது தொடர முடியாமல் செய்து வென்றார். க்ராஃபோர்டு 2020இல் நான்காவது ரவுண்டில். ஷான் போர்ட்டரை ஸ்பென்ஸ் 2019இல் நடுவர்கள் பிளவுபட்ட தீர்ப்பில் வென்றார். க்ராஃபோர்டு 2021இல் பத்தாவது ரவுண்டில் நிறுத்தினார்.

கை தானாக க்ராஃபோர்டு பக்கம் போகும். ஆனால் தேதிகளைப் பாருங்கள். இரண்டு முறையும் க்ராஃபோர்டு பின்னால் வந்தவர். அவர் சந்தித்த புரூக் மூன்று வருடம் கூடுதலாகத் தேய்ந்தவர். போர்ட்டரும் இரண்டு வருடம் மூத்தவர். தேய்மானத்தைக் கழிக்காமல் பொது எதிராளியை ஒப்பிடுவது பழைய பாத்திரத்தைப் புதுப் பாத்திரத்தின் விலைக்கு எழுதுவது போல. இன்னொரு பக்கம், ஸ்பென்ஸின் சொந்தத் தேய்மானமும் பொதுவெளியில் இருந்தது: 2019 அக்டோபரில் பெரிய கார் விபத்து, 2021இல் கண் விழித்திரைக் கிழிசலால் மேனி பாக்கியாவோவுடனான சண்டையிலிருந்து விலகல். தோல்வி எண்ணிக்கையில் இவை பதிவாவதில்லை.

முடிவு: க்ராஃபோர்டு மூன்று முறை ஸ்பென்ஸைத் தரையில் விழவைத்து, ஒன்பதாவது ரவுண்டில் சண்டையை முடித்தார். பொது எதிராளிக் கணக்கு திசையைச் சரியாகக் காட்டியது. இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும் என்பதை அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

காட்சியில் எதைப் பார்ப்பது?

சிறப்புத் துண்டுக் காட்சிகளால் பயனில்லை. அவற்றில் எல்லோரும் சாம்பியன்தான். முழுச் சண்டையை, முடிந்தால் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாதி அபிப்பிராயம் வர்ணனையாளர் போட்டுக்கொடுத்ததாக இருக்கும்.

1. ஜாப் (முன்கையால் போடும் நேர்க்குத்து) குத்திய கை எங்கே திரும்புகிறது? நேராகக் கன்னத்துக்கு வந்தால் சரி. இடுப்பு உயரத்தில் தொங்கித் திரும்பினால், எதிராளியின் வலது நேர்க்குத்துக்குக் கதவு திறந்திருக்கிறது. சாதாரண எதிராளிகளுக்கு அந்தக் கதவுக்குள் நுழைய வேகம் போதாது. அதனால் 18 சண்டை வரை தவறு வெளியே தெரியாது.

2. இடது கைக்காரரோடு மோதும்போது வலது கை வீரரின் முன்கால் எங்கே? எதிராளியின் முன்காலுக்கு வெளிப்புறம் இருந்தால் தன் வலது கைக்கு நேர்வழி கிடைக்கும். உள்ளே மாட்டிக்கொண்டால் எதிராளியின் இடது கைக்கு நேரே நிற்கிறார். கால் மிதிபடுவதும் தடுமாறுவதும் அடிக்கடி நடந்தால் பயிற்சியில் இடது கைக்காரர்கள் போதவில்லை.

3. பலமான அடி வாங்கிய அடுத்த பத்து விநாடி. இதுதான் மிக முக்கியம், ஏனென்றால் கற்றுக்கொடுக்க முடியாத பகுதி இதில் இருக்கிறது. அமீர் கான் 17 வயதில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். தொழில்முறையில் இதே 18-0 கணக்கோடு 2008 செப்டம்பரில் மான்செஸ்டரில் பிரெய்டிஸ் பிரஸ்காட்டைச் சந்தித்து 54 விநாடியில் வீழ்ந்தார். முதல் அடியில் தடுமாறியவர், கட்டிப்பிடித்து மூச்சு வாங்காமல் திருப்பி அடிக்கப் போனதுதான் முடிவைக் கொண்டுவந்தது. ஆனால் அடுத்த ஜூலையிலேயே 140 பவுண்டில் டபிள்யூ.பி.ஏ. அமைப்பின் உலகப் பட்டம் வென்றார். தாடையின் தாங்குதிறன் மாறாது. அடிபட்டால் என்ன செய்வது என்பதைப் பழகிக்கொள்ளலாம்.

4. வயிற்றுக்கும் விலாவுக்கும் குத்துகிறாரா? தலையை மட்டுமே தேடும் வீரரின் எதிராளி பத்தாவது ரவுண்டிலும் புதிதாக நிற்பார்.

5. ஏழாவது ரவுண்டுக்கு மேல் வாய் திறந்திருக்கிறதா, பாதம் தட்டையாகிவிட்டதா? 1981இல் ஷுகர் ரே லெனார்டைச் சந்தித்தபோது தாமஸ் ஹெர்ன்ஸ் 32-0, அதில் 30 கே.ஓ. பதின்மூன்று ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களிடமும் ஹெர்ன்ஸே முன்னிலை. பதினான்காவதில் லெனார்டு நிறுத்தினார். அப்போது பட்டச் சண்டை 15 ரவுண்டு. இன்றைய 12 ரவுண்டு விதியில் அது ஹெர்ன்ஸின் வெற்றி.

"உலகத் தரவரிசையில் 9" என்றால்?

எந்த அமைப்பின் ஒன்பது என்று கேளுங்கள். உலகப் பட்டம் தரும் பெரிய அமைப்புகள் நான்கு: டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. ஒவ்வொன்றும் தன் முதல் 15 பேரைத் தனியே பட்டியலிடும். வட்டாரப் பெல்ட் ஒன்றை வென்றால் அந்தப் பெல்ட் தந்த அமைப்பின் பட்டியலில் இடம் கிடைக்கும், மற்ற மூன்றில் பெயரே இருக்காது. நான்கில் மூன்றிலாவது முதல் 15க்குள் இருப்பவரைத்தான் உலகத் தரத்தில் வைத்துப் பேச முடியும். 'இடைக்கால', 'ரெகுலர்' என்ற அடைமொழியோடு வரும் பட்டங்களைப் பாதி விலைக்கு எழுதிக்கொண்டால் போதும். பட்டச் சண்டை ஒவ்வொன்றுக்கும் அமைப்புக்குக் கட்டணம் உண்டு என்பதால் பெல்ட்டுகள் குறையப் போவதில்லை.

எடை குறைப்பு: சரிவு பெரும்பாலும் தொடங்கும் இடம்

வெல்டர்வெயிட் வீரர் மேடையேறும்போது 66.7 கிலோ இருப்பதில்லை. தொழில்முறையில் எடை பார்ப்பது முந்தைய நாள். பயிற்சிக் காலத்தில் 72, 73 கிலோ இருப்பவர் கடைசி வாரத்தில் இறக்கி, எடை காட்டிவிட்டு, மறுநாள் இரவுக்குள் தண்ணீரும் உணவுமாக ஏற்றிக்கொள்கிறார். 72.5இலிருந்து இறங்கினால் 5.8 கிலோ, உடல் எடையில் 8 சதவீதம்.

இறங்குவது கொழுப்பு அல்ல. முதலில் சோறு, கிழங்கு, சர்க்கரை நிறுத்தப்படும். தசையில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும். பிறகு உப்பு குறைப்பு. கடைசி ஒரு நாளில் வெந்நீர்த் தொட்டி, நீராவி அறை, பிளாஸ்டிக் வியர்வைச் சட்டை.

இதில் கெடுவது மூன்று. ரத்தத்தின் கன அளவு குறைந்து இதயத் துடிப்பு ஏறுவதால் பின் ரவுண்டுகளில் மூச்சு போதாது. குடித்த தண்ணீர் ஒரே நாளில் உடம்பு முழுதும் திரும்புவதில்லை. அந்த நிலையில் தலையில் வாங்கும் அடி கூடுதல் ஆபத்து. மூன்றாவது தசைச் சிதைவு: அளவுக்கு மீறிய உழைப்பும் நீரிழப்பும் சேரும்போது தசை நார்கள் உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் பயிற்சியை அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெல்டர்வெயிட்டில் எல்லோரையும் கே.ஓ. செய்துகொண்டிருந்த வெர்ஜில் ஆர்டிஸ், 2022இல் இந்தச் சிக்கலால்தான் ஒரு சண்டையிலிருந்து விலகினார். 2023இல் மீண்டும் உடல்நலக் கோளாறால் ஒரு பட்டச் சண்டை கைவிட்டுப் போனது. 2024இல் 154 பவுண்டுக்கு ஏறித் திரும்பி வந்தார்.

டபிள்யூ.பி.சி. தன் பட்டச் சண்டைகளுக்கு 30 நாள் முன்பு வரம்பைவிட 10 சதவீதத்துக்குள்ளும், 7 நாள் முன்பு 5 சதவீதத்துக்குள்ளும் எடை இருக்க வேண்டும் என்கிறது. வெல்டருக்கு இது முறையே சுமார் 73.3 கிலோ, 70 கிலோ. அந்த எண்கள் வெளியானால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் முன்பு அந்த 70 கிலோவை ஒட்டி நின்றவர் கடைசி வாரத்தை வியர்வையில் கழித்தார் என்று பொருள். எடை மேடையில் கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, அரைக்கால்சட்டையையும் கழற்றித் துண்டு மறைவில் நிற்பவரைக் கண்டால், ஏழாவது ரவுண்டுக்கு மேல் அவர் மீது பந்தயம் கட்ட எந்த ஐந்தொகையும் இடம் தராது.

நம் பக்கத்துப் பையன்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. அமெச்சூர் போட்டியில் எடை பார்ப்பது சண்டை நாளின் காலையில். அடுத்த சுற்றுக்குப் போனால் மறுபடியும். திரும்ப ஏற்ற சில மணி நேரமே கிடைக்கும். காலையில் வெறும் வயிற்றில், கழிவறை போய்வந்த பின், இரண்டு வாரம் தினமும் எடை பார்த்து சராசரி எடுங்கள். சராசரி 68 கிலோ என்றால் 65க்கு இறங்க 3 கிலோ, அதாவது 4.4 சதவீதம் போக வேண்டும். நான்கைந்து நாள் நீளும் போட்டி முழுதும் அதைப் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். 70 கிலோ பிரிவில் இரண்டு கிலோ குறைவாகவே இறங்கினால், வயிறார ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு மேடையேறலாம்.

சித்திரை, வைகாசியில் காரைக்குடி வெயிலில் பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடவிடுவதை எந்தப் பயிற்சியாளர் சொன்னாலும் ஏற்கக்கூடாது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். பிளாஸ்டிக் அதைத் தடுக்கிறது. பேச்சு குழறுவது, தள்ளாடுவது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது ஆகியவை வெப்பத்தாக்கின் அடையாளம். சட்டையைக் கிழித்தெடுத்து, நிழலில் கிடத்தி, தலையிலிருந்து பாதம் வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது.